பத்துக்குப் பத்து

பரிசோதனை செய்ய வந்த பெண்ணைப் பார்த்ததுமே தலைமைப் பொறியாளருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது. மரம் அறுக்கும் இயந்திரத்தை இயக்கும் டிரைவர் புரோகிராம் அவர் எழுதியது. அதில் இன்டரப்ட் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க இவளாம்!

"இன்டரப்ட்னா என்னன்னாவது தெரியுமாம்மா?" என்றார், இயந்திரத்தை வாங்க வந்திருந்த வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"நீங்களே சொல்லுங்க சார்."

"காலிங் பெல் மாதிரி. ஸ்டாப் பட்டனை அமுக்கினா, அதுக்குன்னே இருக்கிற ஒயர் வழியா பெல் அடிக்கும், ரம்பம் உடனே நிக்கும். சில அரைவேக்காடுங்க பெல்லை நம்பாம, யாராவது வந்தாங்களான்னு நொடிக்கு நூறு தடவை வாசலுக்கு ஓடிப் பாக்கற மாதிரி எழுதி வைப்பானுங்க. ஓடுறவன் வேற வேலையில மாட்டிக்கிட்டா, இங்க ஒருத்தன் விரல் போயிடும்."

"உங்களுது?"

"அமுக்கித்தான் பாரேன்."

பத்து முறை அமுக்கினாள். பத்து முறையும் ரம்பம் நின்றது.

"பத்துக்குப் பத்து! இன்டரப்ட் பிரமாதம்னு எழுதிக்கோ. முளைச்சு மூணு இலை விடல, எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா!"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னது இது?"

"உங்க காலிங் பெல் ஒயர் சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். பெல்லே இல்லாம பத்து தடவையும் கதவு திறந்திருக்கு."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"அந்த அரைவேக்காட்டோட பேரையும் எழுதிக்கட்டுமா சார்?"