உலக்கை அடி

யுத்தம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸ். மழை விட்டதும் சாந்தோமில் தன் வீட்டு இரும்புக் கேட்டில் நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்தான் பவுல்சாமி. எதிர்த் தையல் கடையில் இனாயத் ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்தால், பவுல்சாமியை அவன் அண்ணன் ஆம்ப்ரோஸ் உலக்கையால் விளாசிக்கொண்டிருக்கிறான்!

வீட்டுப் பாகத் தகராறு. “உன் கைய ஒடிக்காம வுட மாட்டேன்” என்று முந்தாநாள்தான் தெருவே கேட்கக் கத்தியிருந்தான் ஆம்ப்ரோஸ். சொன்னபடியே கையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறான், படுபாவி.

பவுல்சாமி தடுக்கவில்லை, கத்தக்கூட இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினான்.

இனாயத் செருப்புகூடப் போடாமல் ஓடினான். ஆம்ப்ரோஸை இழுத்து மூக்கில் ஒரு குத்து விட்டான். ரத்தம் கொட்டியது. விழுந்தவனை வயிற்றில் உதைத்தான்.

“அவனத் தொடாதே!” என்று அலறினான் ஆம்ப்ரோஸ்.

“தொட்டா இன்னா பண்ணுவே? கூடப் பொறந்தவனக் கொல்றியே, நீ மனுசனா?”

இன்னொரு உதை விட்டுவிட்டு, “பயப்படாத நைனா, நான் கீறேன்” என்று பவுல்சாமியின் தோளை இறுக்கிப் பிடித்தான் இனாயத்.

பிடித்த கை திரும்பி வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஆயிரம் ஊசி ஏறியது. விளக்கு வயரின் கரண்ட் ஈரக் கேட் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

முகமெல்லாம் ரத்தமாக ஆம்ப்ரோஸ் தடுமாறி எழுந்து, மறுபடி உலக்கையை ஓங்கினான்.

‘என் கைய ஒடி ஆம்ப்ரோஸ், ஒடி!’ என்று கிட்டிப்போன பல்லுக்குள்ளேயே கெஞ்சினான் இனாயத்.