இரட்டிப்பு உண்டியல்

ஸ்மார்ட் போர்டில் ஒரு பன்றி உண்டியல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

சேமிப்புப் பாடம் எடுக்க வந்திருந்த பயிற்சியாளர் விரலால் ஒரு நாணயத்தை இழுத்து அதன் வாயில் போட்டார். உண்டியல் குலுங்கியது. ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. ஏழாம் வகுப்பே கைதட்டியது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் தட்டவில்லை.

வாய் மட்டும் இல்லையென்றால் இந்த ஆளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ, கன்னத்தோரம் மைக். தேவை வேறு, ஆசை வேறு என்று பாடம் வேறு. ஊருக்குத்தான் உபதேசம். அந்த ஷூ தேவையா ஆசையா என்று கேட்க ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. கூட்டு வட்டி எப்படி வருகிறது என்று கேட்ட முன் பெஞ்சுப் பையனை "சூப்பர்!" என்று பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார். பதில் தெரிந்தால்தானே சொல்ல?

புளுகும்போதெல்லாம் அவர் கை இடது காது மடலுக்குப் போகும். எத்தனை முறை என்று எண்ணுவதை டீச்சர் எப்போதோ விட்டுவிட்டாள்.

எல்லாம் ஹெட்மாஸ்டரின் ஏற்பாடு. இந்த நிகழ்ச்சி வேண்டாம் என்று காலையில் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டார். அதற்குத்தான் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"சரி செல்லங்களா, விளையாட்டு முடிஞ்சுது. இப்ப நிஜ உண்டியல்! ஒவ்வொருத்தரா வந்து அம்மாவோட போன் நம்பரைத் தட்டுங்க. மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலமே அம்மாக்களுக்குப் போன் போகும். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் எந்த அம்மா சந்தேகப்படுவாள்? சேர்த்து வைத்ததையெல்லாம் இந்தப் பன்றியின் வாயில் போட்டுவிட்டு, அப்புறம் பன்றியைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பிள்ளைகள் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். முதலில் ரெட்டைச் சடைக்காரி. அவள் அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிப்பவள். எழுந்து சொல்லிவிடு என்றது டீச்சரின் மனசு. அவமானம் பிடித்து உட்காரவைத்தது.

ரெட்டைச் சடைக்காரி பாதி நம்பர் தட்டியிருப்பாள். பள்ளிக்கூடத்து வைஃபை வழக்கம்போல உயிரை விட்டது. பன்றி அப்படியே உறைந்து நின்றது.

பயிற்சியாளர் அசடு வழியச் சிரித்தார். அதற்குள் போர்டோடு இணைத்திருந்த அவருடைய டேப்லெட் தானாகவே வேறொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டது. பெரிய திரையில் எழுத்து மின்னியது: 'கணக்கு மிஸ் போன் - இணைந்தது.'

வருகைப் பதிவு ஏற்றுவதற்காக டீச்சர் எப்போதும் போட்டு வைத்திருக்கும் ஹாட்ஸ்பாட் அது. அதன் பாஸ்வேர்டுக்கு வகுப்பே தவம் கிடக்கிறது. ஹெட்மாஸ்டருக்குக்கூட அவள் சொன்னதில்லை.

ரெட்டைச் சடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், எங்க யாருக்கும் தரவே மாட்டீங்களே. இவருக்கு மட்டும் எப்படி மிஸ் தெரியும்?"

பயிற்சியாளரின் கை காது மடலுக்குப் போனது.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? டீச்சர் எழுந்தாள்.

"நான்தான் குடுத்தேன்மா, ஒரே வீட்டுல இருந்தப்போ. என் நகையையும் சேர்த்துதான் குடுத்தேன். ரெண்டு மடங்காத் தரேன்னு சொன்னார்."

ரெட்டைச் சடைக்காரியின் விரல் திரையிலிருந்து மெல்ல இறங்கியது. அவளுக்குப் பின்னால் வரிசை கலைந்து பெஞ்சுகளுக்குத் திரும்பியது.

டீச்சர் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். அந்த ஆள் போன அன்றைக்கே வாசல் கதவுக்குப் பூட்டை மாற்றியவள்தான். பாஸ்வேர்டை மாற்றத்தான் மறந்துபோயிருக்கிறாள்.