ரெண்டாவது ஆள்

பழைய வீட்டைக் குளுமையாக்கும் முன், அதைக் கணினிக்குள் கட்டி ஒரு கோடையை ஓடவிட்டுப் பார்ப்பது வஹிதாவின் வேலை. செபஸ்தியான் வீட்டின் சுவர், சன்னல், மேற்கு வெயில் எல்லாவற்றையும் உள்ளிட்டுவிட்டாள்.

"எத்தனை பேர் இருக்கீங்க சார்?"

"ரெண்டு பேரும்மா," என்றார் செபஸ்தியான்.

சுவரில் மாலையிட்ட படத்தில் அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆளையும் கணக்குல சேர்க்கணும் சார். சும்மா படுத்திருந்தாலே ஒரு ஆள் குண்டு பல்பு மாதிரி சூடு விடுவாங்க. ஒருத்தர் கூடுனா ஏசிக்குக் கரண்டும் கூடும்."

"கூடட்டும்."

அவள் தட்டினாள். திரையில் நீலமாயிருந்த கட்டிலில் இரண்டு சிவப்புத் திட்டுகள் மெல்லப் பூத்தன.

வெகுநேரம் பார்த்தவர், தயங்கிக் கேட்டார்: "அந்த ரெண்டாவத, கொஞ்சம் என் பக்கமா நகத்தி வைக்க முடியுமாம்மா?"