அழுகுது

முதலில் அவர் மூக்கைப் பொத்தினாரா, அக்கா வீட்டு ஜன்னல் திரையை இழுத்தாரா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நாற்றத்தைப் பற்றி மட்டும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

ஈரச் சாக்ஸைப் பைக்குள் போட்டு மறந்துவிட்டுத் திறந்தது போன்ற நாற்றம்.

திரைக்குப் பின்னால், ஜன்னலைச் சுற்றிச் சுவர் கறுத்துக் கிடந்தது. அழுக்கின் கறுப்பல்ல. பூஞ்சை மயிர் முளைத்த கறுப்பு.

விரலால் தொட்டார். பூச்சு கூழாகப் பிதுங்கி நகக்கண்ணில் ஏறியது. அருவருப்பில் வாய் நிறைய எச்சில் ஊறியது.

அதற்கு ஒரு சாண் கீழே அக்கா மகளின் தலையணை. அதிலும் புள்ளி புள்ளியாக அதே கறுப்பு.

"த்தூ! மனுஷங்க இருக்கிற வீடாக்கா இது? இதுக்குள்ளயா பிள்ளையப் படுக்க வைக்கிறே?"

அக்கா அறை வாசலில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் சட்டம்தான். ஜன்னல் சட்டம்.

ஒரு பக்கம் கடுங்குளிர், மறுபக்கம் வீட்டுச் சூடு என்று தடுத்த பெரிய பெட்டி ஒன்று அங்கே உண்டு. அந்தத் தடுப்பில் அலுமினியச் சட்டத்தையும், கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த கலவைச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் கட்டடத்துக்கு எது போதும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

அலுமினியம் வெளிக்குளிரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் மூச்சு, சோற்றுப் பானையின் ஆவி எல்லாம் அதன்மேல் நீராய்க் கோத்து வழியும். கலவைச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் காய்ந்திருக்கும்.

வழியும் சட்டத்தைப் பார்த்து, 'இது அழுகுது' என்பார்கள் அங்கே. கேலியாக.

அக்கா வீட்டில் அலுமினியம்.

குளிர் தொடங்கியதுமே அவள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "தம்பி, ஜன்னல் அழுகுதுடா."

"அழுதா கண்ணைத் தொடச்சி விடுக்கா" என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மறுமுனையில் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் மறுபடியும் சொன்னாள். பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்றும் சொன்னாள். அவர் மறுபடியும் துடைக்கச் சொன்னார்.

எழுத்தில் அழுகிறது வேறு, அழுகுகிறது வேறு. அவர்கள் வீட்டுப் பேச்சில் இரண்டும் அழுகுதுதான்.

இப்போது அக்கா உள்ளே வந்து, ஜன்னல் திட்டிலிருந்த துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள். நன்றாகப் பிழிந்து நான்காக மடித்த துணி. மடிப்புக்குள் பிசுபிசுவென்று இருந்தது.

"நீ சொன்ன மாதிரி தினம் தொடச்சேன்டா. சுவத்துக்குள்ள போனத எப்படித் தொடைக்கிறது?"

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சமையலறைக் குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் மூச்சு, சரியாக மூடாத கதவிடுக்கில் காற்று நுழைவதைப் போல விசிலடித்துக்கொண்டிருந்தது.

நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. முதல்முறையாக அவருக்குத் தன் கையைப் பார்க்கவே குமட்டியது.

பிறகு அக்கா அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். கறுப்பின்மேல் வண்ணமடித்து, வேறொரு குடும்பம் அங்கே குடியிருக்கிறது. அக்கா மகள் வளர்ந்துவிட்டாள். இழுப்புக்கான மருந்துக் குழல் இல்லாமல் அவள் வெளியே போவதில்லை.

வக்கீல் அதே வேலையில், அதே வீட்டில் இருக்கிறார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. எல்லா ஜன்னலும் கலவைச் சட்டம். அக்கா குடியிருந்த கட்டடத்துக்கு அலுமினியமே போதும் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே மாதம் மாட்டியவை.

அக்காவுக்கு அது இன்றுவரை தெரியாது.

அந்த ஜன்னல்கள் ஒருநாளும் அழுததில்லை.