சொந்தமாக ஒரு மெத்தட்

“டேட்டாபேஸ்கிட்ட மனுசன் கேக்க வேண்டிய எல்லாக் கேள்வியையும் ரெடிமேடா வார ஃப்ரேம்வொர்க்கே எழுதி முடிச்சுட்டு. இனிமே தேடச் சொல்லி சொந்தமா ஒரு மெத்தட் எழுதுதவன், மிக்ஸியப் பக்கத்துல வச்சுக்கிட்டு அம்மில அரைக்கவன்!”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் பேச்சிராஜ் இதை ஒரு தீர்ப்பைப் போல வாசித்தான். கேட்டுக்கொண்டிருந்தது யோகலட்சுமி ஒருத்திதான். தங்கசாமி அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையத்துக்கு இருவரும் ஒரு செல்போன் ஆப் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தேடுத கட்டளையெல்லாம் கெடக்க ரெபாசிட்டரில ‘வயச வச்சுத் தேடு’, ‘ஊர வச்சுத் தேடு’ன்னு பேரு வச்சா அதுவே தேடிக் குடுத்துரும். சரி சார். ஆனா ஒரு பொண்ணு வீட்டுக்கு மட்டும் ஒரு பையன் கண்ணுல படக் கூடாது, மத்த எல்லாருக்கும் தெரியணும்னா? அத நாமதான எழுதணும்?” என்று கேட்டாள் யோகலட்சுமி.

“அவன் என்ன, கொலையா பண்ணிட்டான்?”

“அந்தப் பொண்ணு வேண்டாங்கா சார்.”

“காரணம்?”

“காரணம் எழுத ஆப்புல கட்டம் இல்லல்லா.”

பேச்சிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். “ஒருத்திக்காக ஒரு மெத்தடா! நாளைக்குக் கரிவலம்வந்தநல்லூர்க்காரன் அவன் மாமனுக்கு ஒண்ணு கேப்பான். ஆப்போட கோடு என்ன கல்யாணப் பந்தியா, ஆளாளுக்குத் தனி இலை போட?”

யோகலட்சுமி கீபோர்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் தங்கசாமி போன் போட்டார். “தம்பி, நம்ம யோகலட்சுமி விவரத்தையும் ஏத்தியாச்சு. சாயந்திரம் அவ அப்பா மேலநீலிதநல்லூர்ல இருந்து மாப்பிள்ளை பாக்க வாராரு. முதல்ல வாரவனத்தான் பாப்பாரு. கீழ தள்ளிப் பாக்கப் பொறுமை கிடையாது, பாத்துக்கிடுங்க.”

பேச்சிராஜ் போனை வைத்தான். அந்த ஆப்பில் அவனும் ஒரு மாப்பிள்ளை. ‘சும்மா டெஸ்டுக்கு’ என்றுதான் தன் விவரத்தைப் பதிந்திருந்தான். அந்த டெஸ்டுக்காக ஸ்டுடியோவில் இரவல் கோட் மாட்டிப் படமும் எடுத்திருந்தான். ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் நாக்கு, யோகலட்சுமியிடம் அவளைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மட்டும் எழவே இல்லை.

அவள் டீ வாங்கக் கீழே இறங்கியதும் ரெபாசிட்டரியைத் திறந்தான். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு மெத்தட் எழுதினான்: யோகலட்சுமி வீட்டார் தேடினால் மட்டும், பேச்சிராஜ் முதலில் வர வேண்டும்.

யோகலட்சுமி பெயரில் தேடிப் பார்த்தான். முதலில் வந்தது பனவடலிசத்திரத்து வாத்தியார். அடுத்தது ஒரு உரக்கடைக்காரர். கடைசி வரை தள்ளியும் பேச்சிராஜைக் காணோம்.

வேறொரு பெண்ணின் பெயரில் தேடினான். கோட்டும் சிரிப்புமாகப் பேச்சிராஜ் உடனே வந்து நின்றான். மறுபடி யோகலட்சுமி. மறுபடி வாத்தியார்.

“என்ன எழவு பக்குடா இது, எங்க தப்பு?”

இரண்டு டீ கிளாஸோடு பின்னால் நின்றிருந்த யோகலட்சுமி, ஒன்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“பக் இல்ல சார். காலைலயே அம்மில அரைச்சிட்டேன்.”