ஏழு மைல்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் லாரி கரிவாயுவில் ஓடுகிறது; காலை ஐந்தரைக்கு அதன் அடுப்பில் கரி போட்டு விசிறியைச் சுற்றுவேன். வாயு பிடிப்பதற்குள் மீட்டரைப் பார்த்து டிரிப் புத்தகத்தில் எழுதுவேன். முந்தைய மாலை எழுதியதைவிட ஏழு மைல் கூடியிருக்கும். மாலையில் கரியை அள்ளிக் காலி செய்த அடுப்பு, நான் கரி போடும்வரை காலியாகவே இருந்திருக்கும். சாவி என் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போய்வர ஏழு மைல். அதைச் 'சொந்த உபயோகம்' என்ற கட்டத்தில் எழுதுகிறேன்.

நேற்றுக் கம்பெனிக் கணக்கர் பிச்சுமணி கேட்டார்.

"ஏன்வே, தெனமும் ஏழு மைலா? லாரிக்குக் கால் மொளச்சிட்டா?"

"தெரியல அண்ணாச்சி."

"எங்கன போறீரு? யாரோட?"

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆடியில் என் மனைவி குழல்வாய்மொழி, லாரியில் குற்றாலம் போய்ச் சாரல் பார்க்கக் கூப்பிட்டாள். இன்றைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டியாகிவிட்டது, இனி ஓட்டினால் சட்டப்படி குற்றம் என்றேன். சொந்த உபயோகத்துக்கு அந்தக் கணக்குக் கிடையாது. கம்பெனியில் விதிகளை இங்கிலீஷில் முழுக்க வாசித்தவன் நான் ஒருவன்தான். எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள். கடைசியில் பிதற்றினாள் என்கிறார்கள். பிதற்றவில்லை. டிரிப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, இந்தச் சொந்த உபயோகத்துல நான் சேர்த்தியில்லியா?"