ஆறு பேர், ஆறு சீட்டு

நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் மெஷின் பக்கத்தில் பூட்டிக் கிடந்த தகரப் பெட்டியை, டீம் லீட் மேசைமேல் வைத்துத் திறந்தார். விரலில் எச்சில் தொட்டு முதல் சீட்டைப் பிரித்தார்.

“டெஸ்டிங் சரியா நடக்கல.”

டெஸ்டருக்குக் காது சூடானது. செயலியை வெளியிடும் முன் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் அந்த வேலையை டீமில் பார்ப்பது அவள் ஒருத்திதான்.

வேலை முடிந்தபின் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிற கூட்டம் அது. ரெட்ரோ என்பார்கள். பஸ் டிக்கெட் செயலி வெளியான அன்றே படுத்துவிட்டது. எங்கே சறுக்கியது என்று ஆளுக்கொரு சீட்டில் டைப் அடித்து, பேர் போடாமல் பெட்டியில் போடச் சொல்லியிருந்தார் லீட். அவருக்குக் கீழே அவளையும் சேர்த்து ஆறு பேர்.

“இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்ல வரல. மனசு விட்டுப் பேசத்தான் ரெட்ரோ.” பேசும்போது அவர் வாயிலிருந்து பிஸ்கட் தூள் சீட்டுகளின் மேல் விழுந்தது. மறுபடியும் எச்சில். “டெஸ்டர் மேலோட்டமா பாத்துட்டு ஓகே குடுத்துட்டாங்க.”

இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று அவள் கெஞ்சியது இதே அறையில்தான். “அதெல்லாம் பாத்துக்கலாம், ஓகே போடும்மா” என்று லீட் விரட்டியதும் இங்கேதான். அன்று எல்லோருக்கும் காது கேட்டது.

மூன்றாவது சீட்டும் அவளைத்தான் சொன்னது. நான்காவதும்.

அவள் எதிரே பார்த்தாள். டிசைனர் அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இவளோடு ஒரே டப்பாவில் கை நனைக்கிறவள். முந்தாநாள் டீ குடிக்கிற இடத்தில் எல்லோரும் கூடிக் குசுகுசுவென்று பேசியதும், இவள் போனதும் கப்சிப் ஆனதும் இப்போது விளங்கியது. யாரைப் பற்றியும் ஒரு வரி எழுத இவளுக்கு மனம் வரவில்லையே! இவர்களுக்கு எப்படி வந்தது?

ஐந்தாவது. “பொறுப்பே இல்ல.” ஆறாவது. “டெஸ்டர மாத்தினாத்தான் உருப்படும்.”

ஆடை படர்ந்த காபி, ஈரமான சீட்டுகள், நகத்தைப் பார்க்கும் முகங்கள், எல்லாம் ஒரே நாற்றமாக நாறின. இனி இந்த ஜென்மத்தில் டிசைனரை அக்கா என்று கூப்பிட வாய் வராது.

“டீமே ஒரே குரல்ல சொல்லுது. நான் என்னம்மா பண்றது?” லீட் உச்சுக் கொட்டினார். “ரிப்போர்ட்ட மேல அனுப்பித்தான் ஆகணும்.”

மேலே போனால் வேலை போய்விடும். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒரு நிமிஷம் உக்காரும்மா.” புரோகிராமர்களில் மூத்தவர். கூட்டத்தில் வாயே திறக்காததால் அவருக்கு ‘சைலன்ட் மோட்’ என்று பேர். “சார், இந்த ஆறும் பெட்டியிலதான் இருந்துச்சா?”

“பின்ன, என் சட்டைப் பையிலயா இருந்துச்சு? ஆறு பேர், ஆறு சீட்டு. சாவி என்னை விட்டு எங்கயும் போகல.”

“நல்லா ஞாபகம் இருக்குல்ல சார்?”

“என்னய்யா, கோர்ட்ல கேக்கற மாதிரி கேக்கற? காலைல நானே திறந்து எண்ணிப் பாத்தேன்.”

சைலன்ட் மோட் டிசைனரைப் பார்த்தார். அவள் நகத்திலிருந்து கண்ணை எடுத்து லீட்டிடம் சொன்னாள்.

“இந்தப் பெட்டி எதுக்கு வச்சீங்கன்னு எங்களுக்கு முந்தாநாளே தெரியும் சார். டீ குடிக்கறப்பவே பேசி முடிவு பண்ணிட்டோம். இவகிட்ட மட்டும்தான் சொல்லல, பயந்துடுவான்னு.”

“என்ன முடிவு?”

“நாங்க அஞ்சு பேரும் சீட்டே போடல.”

லீட்டின் விரல் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

டிசைனர் திரும்பினாள். “ஏய், நீ ஏதாவது போட்டியா?”

டெஸ்டர் பையைக் கீழே வைத்தாள்.

“நானும் போடலக்கா.”